கிருபைராஜ் வீட்டுப் பொண்ணு

பாளையங்கோட்டையில் கிருபைராஜை ஏமாற்றியவன் என்று ஒருத்தனும் கிடையாது. ஏமாற்றப் பார்க்கிறான் என்று அவர் சந்தேகப்படாதவனும் கிடையாது. பால்காரர் அளந்து ஊற்றிய பாலைத் தன் வீட்டு ஆழாக்கில் மறுபடி அளப்பார். சபையில் பாதிரி ஐயர் பிரசங்கத்தின் நடுவே ஒரு வசனத்தைச் சொன்னால், வேதாகமத்தைப் புரட்டி அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். ஐயருக்கே இது பழகிப்போய், கிருபைராஜ் தலை நிமிரும்வரை அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல் நிற்பார்.

மனுஷனைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. பத்திரப் பதிவு ஆபீசில் இருபத்தெட்டு வருஷமாகக் குமாஸ்தா. செத்துப்போன பெரியப்பாவின் பெயரில், உயிரோடிருக்கிற சின்னத் தாத்தாவைக் கூட்டிவந்து கைநாட்டு வைக்கப் பார்த்தவர்களைக் கண்டவர். ஒரே ஆள் காலையில் கணேசன், மத்தியானம் முருகேசன் என்று வந்து நின்றதையும் கண்டவர். மேசை இழுப்பறையில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. கைரேகை பார்ப்பதற்காக வாங்கியது. அதை அவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போவார் என்பதுதான் சாரம்மாளுக்குப் பெரிய சங்கடம்.

சாரம்மாள் அவர் மனைவி. ரீபா ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரீபாவுக்கு மூன்று வருஷமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்பதே தப்பு. சாரம்மாள் பார்ப்பாள், கிருபைராஜ் விரட்டுவார். முதல் வரன் நாசரேத்து. பையனின் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. எந்தத் தகப்பன் என்று கேட்டுக் கடிதம் போட்டார். இரண்டாவது வரன் சாயர்புரம். போட்டோவில் பையன் கொஞ்சம் திரும்பி நின்றான். தெரியாத பக்கத்தில் என்ன கோளாறு என்று தரகரைக் கேட்டார். மூன்றாவது தூத்துக்குடி. பையன் வேலை பார்க்கிற இடத்துக்கே போய், வாசலில் நின்ற காவலாளியிடம் பையன் குடிப்பானா என்று விசாரித்தார். காவலாளி பையனுக்குச் சொந்தச் சித்தப்பா.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கிருபைராஜ் வீட்டில் பெண் கேட்டுப் போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்த மாதிரி என்று நாலு சபைக்கும் செய்தி பரவிவிட்டது. ரீபாவுக்கு இருபத்தாறு முடியப் போகிறது. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்தாயிற்று. சாரம்மாள் இதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். ரீபா ஒன்றும் சொல்ல மாட்டாள். கிருபைராஜ் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி லாம்பரெட்டாவைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

லாம்பரெட்டா என்றால் அறுபத்தொன்றாம் வருஷத்து ஸ்கூட்டர் வண்டி. இத்தாலியிலிருந்து வந்த எஞ்சின். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார நர்சம்மாவிடம் வாங்கினார். அப்போது ரீபா கைக்குழந்தை. அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட அவர் மாற்ற விட்டதில்லை. மாற்றியே ஆகவேண்டும் என்றால், இத்தாலி முத்திரை உள்ள பழைய நட்டு கிடைக்கிற வரை வண்டி நிற்கும்.

வண்டிக்கு வைத்தியர் மேலப்பாளையம் சேக் முகம்மது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்தால் கிருபைராஜ் ஒரு முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். கழற்றிய நட்டு, போல்ட்டுகளை எண்ணித் தன் மடியில் வைத்துக்கொள்வார். சேக் முகம்மது சிரிப்பான். "அண்ணாச்சி, பிஸ்டனு தேயறதுக்கு முந்தி உங்க கண்ணு தேஞ்சிரும் போல இருக்கு," என்பான். கிருபைராஜ் சிரிக்க மாட்டார். சிரித்துப் பேசுகிறவன்தான் கை வைப்பான் என்பது பதிவு ஆபீசில் கற்ற பாடம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பட்டறை முற்றத்தில் லாம்பரெட்டாக்காரர்கள் கூடுவார்கள். அம்பாசமுத்திரம் தொட்டு பாளையங்கோட்டை வரை ஆற்றோரத்தில் மொத்தம் பதினோரு வண்டி. கூட்டத்துக்குள் இரண்டு கட்சி. வந்தது வந்தபடி இருக்கணும் என்பது ஒரு கட்சி. அதற்குத் தலைவரும் தொண்டரும் கிருபைராஜ் ஒருவர்தான். ஓடுவதற்குத்தானே வண்டி, எதை வேண்டுமானாலும் மாற்று என்பது மற்ற பத்துப் பேர் கட்சி. முக்கூடலில் உரக்கடை வைத்திருக்கிற காசிலிங்கம் அதற்குத் தலைவர். அவர் தன் வண்டியில் ஆட்டோவின் சிலிண்டரைப் போட்டு, கார் விளக்கை மாட்டி, பாபநாசம் மலைமேல் நிற்காமல் ஏற்றினவர். கிருபைராஜ் அந்த வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தக் காசிலிங்கம்தான் கூட்டத்துக்குள் ஒரு சங்கேதப் பேச்சு வழக்கத்தைக் கொண்டுவந்தது. அவர் கடையில் போன் உண்டு. ஆனால் போனுக்குப் பக்கத்திலேயே அவருடைய அப்பா உட்கார்ந்திருப்பார். எஞ்சின், சிலிண்டர் என்று காதில் விழுந்தால் கிழவர் கடைச் சாவியைப் பிடுங்கிவிடுவார். அதனால் சேக் முகம்மது போன் பண்ணினால், "ஒரு பொண்ணு வந்திருக்கு, பாக்க வாரீயளா?" என்பான். பொண்ணு என்றால் எஞ்சின். மாப்பிள்ளை என்றால் எஞ்சின் இல்லாமல் கிடக்கிற வண்டி. ஒன்றை எடுத்து இன்னொன்றில் பூட்டினால் முடிச்சு வைத்தாயிற்று. காசிலிங்கத்தின் அப்பா, தன் மகன் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுக்கிற புண்ணியவான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். நாளாவட்டத்தில் கூட்டம் முழுக்க இதே பேச்சுதான். கிருபைராஜ்கூட, "எம் பொண்ணு இன்னைக்குக் கொஞ்சம் இருமுதா, கேட்டியளா," என்பார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆவணியில் கூட்டம் முடிந்து கிளம்பிய கிருபைராஜ், குடையை வைத்துவிட்டோமே என்று பாதி வழியில் திரும்பினார். வண்டியை முக்கில் நிறுத்திவிட்டுப் பைய நடந்து வந்தார். எதையும் அரவம் இல்லாமல் செய்வது அவர் வழக்கம். பட்டறைத் தட்டிக்குப் பின்னால் காசிலிங்கத்தின் குரல் கேட்டது. நின்றுவிட்டார்.

"அப்போ கிருபை அண்ணாச்சி பொண்ணைத் திசையன்விளைக்கே முடிச்சிருவோம், என்னவே?"

"அருமைநாயகம் சாருக்குப் பூரண சம்மதம்," என்றான் சேக் முகம்மது. "போன வாரம் பாளையங்கோட்டைக்கு வந்து, தூரத்துல நின்னே பாத்துட்டுப் போயிட்டாரு. பிடிச்சுப் போச்சு."

"அண்ணாச்சிகிட்ட யாரு சொல்ல?"

"இப்போ சொல்லப்படாது. சொன்னா அந்த நம்பரு எங்க, இந்தச் சர்ட்டிபிகேட்டு எங்கன்னு ஆரம்பிச்சிருவாரு. சாரம்மாக்காவே சொல்லிட்டாவ. எல்லாம் கூடி வரட்டும், கடைசியில சொல்லிக்கிடலாம்னு."

வேறு எவன் கேட்டிருந்தாலும் இது கல்யாணப் பேச்சு என்று விளங்கியிருக்கும். பெற்ற தகப்பனுக்கு மட்டும் விளங்கவில்லை. திசையன்விளை அருமைநாயகம் என்ற பெயர் கிருபைராஜுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரிடமும் ஒரு லாம்பரெட்டா, எஞ்சின் செத்துக் கிடக்கிறது. போன வருஷம், உங்கள் எஞ்சினைத் தருவீர்களா என்று சேக் முகம்மது மூலம் கேட்டுவிட்டவர். அப்போதே கிருபைராஜ் முடியாது என்று சொல்லிவிட்டார். இப்போது பின்வாசல் வழியாக வருகிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தானாமே. எங்கே நின்று பார்த்தான்? ஆபீசுக்கு வெளியிலா? கோயில் வாசலிலா?

எல்லாவற்றையும்விட சாரம்மாள் பெயர்தான் அவரைக் குத்தியது. முப்பது வருஷம் சோறு போட்டவள். அவளே ஆள் பிடித்துக் கொடுக்கிறாளா? வண்டியை அவளுக்குப் பிடிக்காது என்பது தெரியும். இந்த அளவுக்குப் போவாள் என்று அவர் நினைக்கவில்லை. குடையை எடுக்காமலேயே திரும்பி நடந்தார். தூறல் விழுந்தது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு காவல் நடந்தது. வாசலில் நின்ற வண்டி முன்னறைக்குள் வந்தது. ராத்திரி பூட்டுகிற சங்கிலி பகலிலும் பூட்டிக்கிடந்தது. ஆபீசுக்கு நடந்தே போனார், பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு. அதுவும் போதாதென்று பத்திரங்களுக்கு வைக்கிற அரக்கை ஒரு துண்டு எடுத்துவந்து, எஞ்சினின் நாலு நட்டிலும் உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். யாராவது ஸ்பானரை வைத்தால் அரக்கு உடையும், தெரிந்துபோகும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் பூதக்கண்ணாடியோடு குனிந்து நாலு முத்திரையையும் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

"வீட்டுக்குள்ள ஒரே பெட்ரோல் நாத்தம். எதுக்கு இங்கன கொண்டாந்து வச்சிருக்கிய?" என்றாள் சாரம்மாள்.

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதோ?"

விஷயம் தெரிந்துவிட்டதோ என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதே கிருபைராஜுக்குச் சாட்சியாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தாயும் மகளும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசினார்கள், அவரைக் கண்டதும் நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து ரீபாவுக்கு ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை வந்தது.

"இது எதுக்கு?"

"அசனத்துக்கு," என்றாள் சாரம்மாள், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

அசனம் வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கோயில் அசன விருந்தில் தரையில் உட்கார்ந்து சோறு தின்பதற்கு எவளாவது பட்டுச்சேலை வாங்குவாளா? எஞ்சினுக்கு முன்பணம் கைமாறியாயிற்று, அதுதான் சேலையாக வந்திருக்கிறது என்று கிருபைராஜ் முடிவு கட்டினார். மகளும் உடந்தை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, முன்னறையில் வண்டிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வண்டிக்காக ஒரு மனுஷன் அழுவானா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வாசலில் சேக் முகம்மது வந்து நின்றான். கையில் அவருடைய குடை. எண்ணெய்க் கறை படாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அதையும் கிருபைராஜ் கவனித்தார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம். கோவிச்சுக்கிடப்படாது."

"சொல்லு."

"நாளைக்குக் காலையில திசையன்விளையிலேருந்து அருமைநாயகம் சார் வாராவ. உங்க பொண்ணு விசயமா. உங்ககிட்டக் கேக்காம பேச்சை ஆரம்பிச்சது எங்க தப்புதான். ஆனா நல்ல இடம் அண்ணாச்சி. கண்ணுக்குள்ள வச்சுக்கிடுவாவ. நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

கிருபைராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். என்ன தைரியம் இருந்தால் நேரில் வந்து சொல்வான். ஆனால் ஒளிந்து அடிக்கிறவனைவிட எதிரே வருகிறவன் தேவலை.

"வரட்டும் வே," என்றார். "வந்தா நான் பேசிக்கிடுதேன்."

சேக் முகம்மதுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்து நேரே போய்ச் சாரம்மாளிடம், "அக்கா, சொல்லிட்டேன். ஒரு கேள்வி கேக்கல. வரட்டும்னுட்டாரு," என்றான். சாரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். வாய் திறந்தால் அவருக்கு எங்காவது ஒரு கேள்வி முளைத்துவிடும் என்று பயந்து, அதற்குப் பிறகு அவரிடம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கிருபைராஜ் தானாகவே முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டார். சண்டைக்குப் போகிறவன் கசங்கிப் போகக்கூடாது என்று அவருக்கு. மனுஷன் திருந்திவிட்டார் என்று சாரம்மாளுக்கு. ஒரே ஒரு குறைதான்.

"இந்த வண்டியை இன்னைக்கு மட்டுமாவது வெளிய தள்ளுங்களேன்."

"இன்னைக்கா? இன்னைக்கு நிச்சயமா தள்ள மாட்டேன்."

சரி, இதற்குமேல் கேட்டால் காரியம் கெடும் என்று சாரம்மாள் ஒரு நல்ல போர்வையை எடுத்து வண்டிமேல் போர்த்திவிட்டுப் போனாள்.

ஒன்பதரை மணிக்கு ஒரு அம்பாசிடர் கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து சேக் முகம்மது இறங்கினான். பின்னாலிருந்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், அவர் மனைவி, முப்பது வயசுக்குள் ஒரு பையன். ஒரு எஞ்சின் வாங்க எதற்குக் குடும்பம்? பெரியவர் பேசுவதற்கு, பையன் தூக்குவதற்கு, அந்த அம்மாள் சாரம்மாளை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதற்கு. கிருபைராஜுக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. காரின் டிக்கி எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தார்.

"நான் அருமைநாயகம். இது என் சம்சாரம். இவன் ஜெய்சன், வேளாண்மைத் துறையில இருக்கான்," என்றார் பெரியவர்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். டிரைவர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டதால் சேக் முகம்மது மறுபடி வெளியே போய்விட்டான். அவன் போனதுதான் வினை. அருமைநாயகத்தின் பார்வை ஒருதரம் போர்வைக்குப் போய்த் திரும்பியது. கிருபைராஜ் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணைப் பத்தி சேக் ரொம்ப ஒசத்தியாச் சொன்னாரு," என்று அருமைநாயகம் ஆரம்பித்தார்.

"சொல்லுவான், சொல்லுவான்."

"நாங்க வேற எதுவும் எதிர்பாக்கல. குணம் ஒண்ணுதான் பாக்கோம்."

சொந்தப் பொருளின் மேல் இருக்கிற பெருமை யாரை விட்டது. கொடுக்கப் போவதில்லை என்றாலும் கிருபைராஜுக்கு வாய் நிற்கவில்லை. "குணத்துக்கு என்ன குறை? இத்தனை வருசத்துல என்னை நடுரோட்டுல நிறுத்துனதில்ல. காலையில ஒரே ஒரு மிதி. எந்திரிச்சிரும்."

அருமைநாயகத்தின் மனைவி தன் கணவரைப் பார்த்தாள்.

"மிதிப்பியளா?" என்றார் அருமைநாயகம் மெதுவாக.

"மழைக்காலம்னா ரெண்டு மூணு மிதி வேணும். அதுக்கு மேல வேண்டாம். மிதிக்கிற ஆளு மிதிக்கணும், அவ்வளவுதான்."

ஜெய்சன் நாற்காலியில் நெளிந்தான். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தலைமையாசிரியராக இருந்தவர், எத்தனையோ தகப்பன்மார்களைப் பார்த்தவர். பேச்சை மாற்றினார். "வயசு இருவத்தாறுன்னு சொன்னாவ."

"யாரு சொன்னா?" கிருபைராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதோ, பொய் பிடிபட்டுவிட்டது. "முப்பத்திமூணு. அறுவத்தொண்ணாம் வருசம். எங்கிட்ட ஆதாரம் இருக்கு. பாத்தியளா, முதல் பேச்சிலேயே உங்களை ஏமாத்திருக்கான். எல்லாம் இங்கன கூட்டுச் சேர்ந்துதான் நடக்கு."

"முப்பத்திமூணா," என்று அந்த அம்மாள் வாய்விட்டே சொன்னாள். மகனுக்கு இருபத்தொன்பது.

அருமைநாயகத்தின் முகம் இறுகிவிட்டது. சந்தேகம் தொற்றுநோய் இல்லையா. "ஒண்ணு நேராக் கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். இதுக்கு முந்தி வேற எங்கயும் குடுத்ததில்லையே?"

"நான் எதையும் மறைக்கிற ஆளு இல்ல. ஒரே ஒரு தடவை குடுத்தேன். உவரியில ஒருத்தரு கெஞ்சிக் கேட்டாரேன்னு. ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு, சரிப்படலன்னு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாரு. அன்னைக்கே தீர்மானம் பண்ணேன், இனி ஒருத்தனுக்கும் கிடையாதுன்னு. நீங்க டிக்கி வச்ச காரைக் கொண்டுவந்தாலும் சரிதான், லாரி கொண்டுவந்தாலும் சரிதான்."

அருமைநாயகம் எழுந்துவிட்டார். "எந்திரிலே ஜெய்சன். ஒருத்தன் வச்சிருந்து விட்ட பிள்ளைய நம்ம தலையில கட்டப் பாத்திருக்கானுவ. சேக் எங்க? கூப்பிடு அவனை."

அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு சாரம்மாள் நின்றாள். அவளுக்குப் பின்னால் மயில்கழுத்துச் சேலையில் ரீபா. தலையில் பூ வைத்திருந்தாள். அந்த வீட்டில் அவளைப் பூ வைத்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. தாயை விலக்கிவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

"அப்பா," என்றாள். "அவங்க கேட்டு வந்தது எஞ்சினை இல்ல. என்னைய."

கிருபைராஜ் அவளைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பட்டறைத் தட்டிக்குப் பின்னால் கேட்ட ஒவ்வொரு சொல்லும் இப்போது திரும்பி நின்று வேறு முகத்தைக் காட்டியது. கை தானாகப் போய்ப் போர்வையைப் பிடித்து இழுத்தது. அரக்கு முத்திரையோடு லாம்பரெட்டா நின்றது.

"அறுவத்தொண்ணாம் வருசம்னது இதைத்தான்," என்றார். "உவரிக்குக் குடுத்ததும் இதைத்தான். எங்க கூட்டத்துல எஞ்சினைப் பொண்ணுன்னு சொல்லுவோம். நான் என் பிள்ளைய... நான் அப்படி எல்லாம் பேசுவேனா?"

ஜெய்சனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவன் அம்மா அவன் கையைப் பிடித்து அமுக்கினாள், ஆனால் அவளுக்கும் உதடு துடித்தது. வாசலில் வந்து நின்ற சேக் முகம்மது, என்ன நடந்தது என்பது பாதி விளங்கி, தலையில் கையை வைத்துக்கொண்டான். அருமைநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. நின்றபடியே இருந்தார்.

"சரி வே," என்றார். "எஞ்சினைப் பத்தி அரைமணி நேரம் சொன்னீரு. இப்போ உங்க பிள்ளையைப் பத்திச் சொல்லும். கேப்போம்."

கிருபைராஜ் வாயைத் திறந்தார். "ரீபா டீச்சரா இருக்கா."

"தெரியும். என்ன பாடம்?"

"கணக்கு."

"அறிவியல்ப்பா," என்றாள் ரீபா. "கணக்கு எடுத்தது முந்தி. மாறி ரெண்டு வருசமாச்சு."

அவர் மறுபடி வாயைத் திறந்தார். என்ன சொல்வது? அவளுக்கு என்ன பிடிக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன செய்வாள்? லாம்பரெட்டாவின் ஒவ்வொரு இருமலும் அவருக்குத் தெரியும். இவள் முந்தாநாள் அழுதாளா, சிரித்தாளா என்று கேட்டால் தெரியாது. சாரம்மாள் ஏதோ சொல்லப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குச் சொல்லத் தெரியல சார். வீட்டுல இருக்கா, எங்க போயிருவான்னு இருந்துட்டேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாசரேத்துப் பையன் மேல ஒரு தப்பும் கிடையாது. சாயர்புரத்துப் பையன் மேலயும் கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். இவளை அனுப்பிட்டு இந்த வீட்டுல எப்படி இருக்கப் போறோம்னு பயம். குடுக்க மனசு வரல. அதை வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வந்தவனை எல்லாம் திருடன் மாதிரி பாத்தேன்."

சாரம்மாள் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டாள். ரீபா தகப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"இதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லாப்பா," என்றாள். "எங்கிட்டதான் ஏதோ குறைன்னு மூணு வருசமா நினைச்சிக்கிட்டிருந்தேன்."

கிருபைராஜ் மகளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தார். அருமைநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதிரில் இருந்த இன்னொரு நாற்காலியை ரீபாவுக்குக் காட்டினார்.

"நீ இங்கன உக்காரும்மா. உன்னைப் பத்தி நீயே சொல்லு, நாங்க கேக்கோம்," என்றார். கிருபைராஜின் பக்கம் திரும்பி, "நீரும் கேளும்," என்றார்.

ரீபா உட்கார்ந்தாள். கிருபைராஜ் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார்.